பேஸைக் கைமாற்றும் முன்: கோளாறு எங்கே என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது

ஒரு பேஸ் கிட்டார் கைமாறுகிறது என்றால் அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு புகார் இருக்கும். "ஈ கம்பி ஜிர்ருனு அடிக்குது." "ஜி கம்பியில சத்தம் நீடிக்கவே மாட்டேங்குது." "ஆம்புல போட்டா ஒரே ஹம்." இவற்றில் பல, ஓர் ஆலன் கீயும் அரை மணி நேரமும் இருந்தால் தீர்ந்துவிடுகிறவை.

எனக்கு இது தெரியாத காலத்தில், முதல் ஐந்து ஃப்ரெட்டிலும் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) ஜிர்ரென்று அடித்த ஒரு பேஸை ஒரு சின்ன ஆம்புக்கு (ஒலிபெருக்கி) மாற்றாகக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் இரண்டு வாரம் கழித்து ஒரு ஒத்திகைக்கு அதைக் கொண்டுவந்தார். அதே பேஸ், அதே கம்பி. முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி வரை சுத்தமாகப் பேசியது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினேன், அவ்வளவுதான்" என்றார். ட்ரஸ் ராடு என்றால் நெக்குக்குள், அதாவது விரல் வைக்கும் நீளமான கழுத்துப் பகுதிக்குள் ஓடி, அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு. அன்றிலிருந்து எந்த பேஸ் கைக்கு வந்தாலும், எதைக் கொடுக்க நினைத்தாலும், ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன்: கை, கம்பி, செட்டப், ஒயர், கடைசியாக மரம். முதல் நான்கிலும் இருப்பது தீரக்கூடிய கோளாறு. மரத்தில் இருந்தால் மட்டும்தான் பிரிவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். எதை அளந்தாலும் கம்பியைச் சரியாக ட்யூன் செய்துவிட்டு அளக்க வேண்டும். ஈ 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73.4, ஜி 98. நான்கு கம்பியும் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்கு மேலான விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அரை சுரம் இறங்கியிருந்தாலும் நெக்கின் வளைவு மாறிவிடும். பேஸை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்தும் அளக்காதீர்கள். மடியில், வாசிக்கும் நிலையில் வைத்துக்கொண்டு அளங்கள். தேவைப்படுவது ஒரு ட்யூனர், ஆலன் கீ செட், ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), ஒரு கேப்போ (கம்பிகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு கேபிள்.

ஜிர்ரென்று அடிக்கிறது

முதல் கேள்வி: அது ஆம்பிலும் கேட்கிறதா? ஆம்ப் இல்லாமல், காதைக் கிட்டே வைத்துக் கேட்கும்போது எல்லா பேஸிலும் கொஞ்சம் ஜிர் இருக்கும். தடித்த கம்பி, அகலமான அதிர்வு. ஆம்பில் வராத ஜிர்ரைத் துரத்திக்கொண்டு போனால் கம்பியை உயர்த்தி உயர்த்திக் கடைசியில் வாசிக்கவே முடியாத ஆக்ஷனில் (ஃப்ரெட்டிலிருந்து கம்பி நிற்கும் உயரம்) வந்து நிற்பீர்கள்.

அடுத்தது கை. ஆம்பின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, வழக்கமாகப் பறிக்கும் விசையில் பாதியோடு வாசித்துப் பாருங்கள். ஜிர் காணாமல் போனால் கோளாறு பேஸில் இல்லை. மேடையில் தன் சத்தம் தனக்குக் கேட்காதபோது விரல் தானாகவே பலமாகப் பறிக்கும். நாளடைவில் அதுவே பழக்கமாகிவிடும். கம்பியை வெளியே இழுத்து விடுகிறீர்களா, அல்லது அடுத்த கம்பியை நோக்கி விரலைத் தள்ளி அதன்மேல் கொண்டுபோய் நிறுத்துகிறீர்களா என்று கவனியுங்கள். முதலாவது, கம்பியை ஃப்ரெட்டின்மேல் செங்குத்தாக மோதவிடும்.

கையில் குறை இல்லை என்றால் நெக்கின் வளைவை அளக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்க்கோடு. 7 அல்லது 8-வது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளிதான் ரிலீஃப். ஏறக்குறைய 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. ஃபீலர் கேஜ் இல்லையா? அந்த இடத்தில் இன்னொரு விரலால் கம்பியைத் தட்டுங்கள். 'டிக்' என்று மெலிதாக ஒரு சத்தம் வந்து, கம்பி கொஞ்சமே கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். சத்தமே வரவில்லை, கம்பி ஏற்கனவே ஃப்ரெட்டில் படிந்திருக்கிறது என்றால் நெக் நேராக இருக்கிறது அல்லது பின்னோக்கி வளைந்திருக்கிறது. முதல் ஐந்து ஃப்ரெட்டில் ஜிர் வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம். நான் கைவிட்ட பேஸின் கதையும் இதேதான்.

ராடின் நட்டுக்கு நேராக நின்று பார்க்கும்போது இடப்பக்கம் சுற்றினால் ராடு தளரும், கம்பியின் இழுப்பில் நெக் முன்னால் வளையும். வலப்பக்கம் சுற்றினால் இறுகும், நெக் நேராகும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். அப்புறம் மறுபடி ட்யூன் செய்து, மறுபடி அளந்து, அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் இன்னொரு தடவை பாருங்கள். மரம் உடனே முழுவதுமாக அசைந்துவிடாது. நட்டு இறுகி நின்று, கை வலிக்கிற அளவுக்குச் சுற்றினாலும் திரும்பவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ராடு உள்ளே முறிந்துவிட்டால் நெக்கே போய்விடும். அதற்கு மேல் அது கைவினைஞர் பார்க்க வேண்டிய வேலை. பழைய பாணி நெக்குகளில் இந்த நட்டு உடலோடு சேரும் அடிமுனையில் இருக்கும். அதைத் தொடக் கம்பியைத் தளர்த்தி நெக்கைக் கழற்ற வேண்டியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, நேரம்தான் பிடிக்கும்.

ரிலீஃப் சரியாக இருந்தும் ஜிர் வருகிறதா? இனி இடத்தைப் பாருங்கள்.

கம்பியை எங்கும் அழுத்தாமல் வாசிக்கும்போது மட்டும் அடிக்கிறது, முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் நின்றுவிடுகிறது என்றால் நட்டின் (ராடின் நட்டு அல்ல, நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளம் ஆழமாகிவிட்டது. 2-வது ஃப்ரெட்டுக்கும் 3-வது ஃப்ரெட்டுக்கும் நடுவில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். ஒரு தாளின் கனமாவது இடைவெளி தெரிய வேண்டும். இல்லையென்றால் நட்டை மாற்றுவதோ பள்ளத்தை நிரப்பித் திரும்ப வெட்டுவதோதான் வழி.

12-வது ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் என்றால், உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் சாடிலின் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டு) உயரம்தான் காரணம். 17-வது ஃப்ரெட்டின் மேல் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. அங்கிருந்து உங்கள் கைக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். ஆக்ஷன் அதிகம் என்பதற்காக ராடைத் திருகுகிறவர்களையும், ரிலீஃப் குறைவு என்பதற்காக சாடிலை உயர்த்துகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ராடு வளைவுக்கு, சாடில் உயரத்துக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரே ஒரு ஃப்ரெட்டில்தான் அடிக்கிறதா? அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கலாம். மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் தொடும் நீளத்தில் ஒரு நேரான விளிம்பை நிறுத்தி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடுவில் இருப்பது உயரம். அந்த ஃப்ரெட்டை விரலால் மரத்தோடு அழுத்திப் பிடித்ததும் ஆட்டம் நின்றால் ஃப்ரெட் பள்ளத்திலிருந்து எழும்பியிருக்கிறது. உட்காரவைத்து ஒட்டினால் போதும், தேய்க்க வேண்டாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஜிர் இருக்கிறது என்றால் அது ஃப்ரெட்டிலேயே இல்லாமல் இருக்கலாம். ட்யூனிங் கீயின் வளையம், பிக்கார்டின் திருகு, ஆம்பின் மேல் வைத்த சாவிக்கொத்து, எது வேண்டுமானாலும் அதிரும். அந்தச் சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே ஒருவரை ஒவ்வொரு உலோகத் துண்டின்மேலும் விரல் வைக்கச் சொல்லுங்கள். நான் அதிகம் பிடித்தது சாடிலில் இருக்கும் சின்ன உயரத் திருகுகளை. இரண்டில் ஒன்று அடித்தகட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கால் சுற்றில் அடங்கிவிடும்.

ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துப்போகிறது

நெக்கை உடலோடு திருகுகளால் பூட்டிய 34 அங்குல பேஸ்களில் (நட்டிலிருந்து சாடில் வரை கம்பியின் நீளம், இதைத்தான் ஸ்கேல் என்பார்கள்) ஜி கம்பியின் 5-லிருந்து 7-வது ஃப்ரெட் வரை ஏதோ ஓர் இடத்தில் இது இருக்கும். 'டெட் ஸ்பாட்' என்பார்கள். கம்பி அதிரும் வேகமும் நெக் தானாக அதிர விரும்பும் வேகமும் ஒத்துப்போகும் இடம் அது. கம்பியின் சக்தியை நெக் குடித்துவிடுகிறது. அதன் இரண்டு பக்கத்துச் சுரங்களும் நீளமாக நிற்கும், நடுவில் ஒன்று மட்டும் 'டும்' என்று அடங்கிவிடும்.

இது நெக்தானா என்று உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. ஹெட்ஸ்டாக்கின் (ட்யூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதி) நுனியைச் சுவரிலோ கனமான கதவிலோ மெதுவாகச் சாய்த்து வைத்துக்கொண்டு அதே சுரத்தை வாசியுங்கள். சுரம் நிற்கும் நேரம் மாறினால் நெக்தான். ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டினாலும் அந்த இடம் ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகும். தள்ளித்தான் போகும், ஒழிந்துவிடாது. ஆகவே இதைக் கோளாறு என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை. அது அந்த மரத்தின் குணம். ஜி கம்பி 5-வது ஃப்ரெட்டின் ஸி சுரம் அடங்குகிறதா, அதே ஸி டி கம்பியின் 10-வது ஃப்ரெட்டில் இருக்கிறது. நீளமாக நிற்க வேண்டிய இடத்தில் அங்கே போங்கள், ஒலியும் தடிமனாக வரும். ஆனால் மாற்றிக்கொள்ளும்போது இதை வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். எதிரில் இருப்பவர் உங்களுக்குத் தரும் பேஸிலும் ஜி கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து, அடங்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள்.

இதோடு குழம்பக்கூடிய இன்னொன்று இருக்கிறது. சுரம் அடங்குவதோடு, உயர ஃப்ரெட்களில் ஒரே சுரத்துக்குள் இரண்டு சுரம் ஆடுவதுபோல் அலைகிறதா? ட்யூனரின் முள்ளும் நிலையாக நிற்கவில்லையா? பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது, காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கிறது. பிக்கப்பைத் தாழ்த்துங்கள். ஒரு கம்பி மட்டும் சத்தம் குறைவாக வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பிக்கப்பின் உயரத்தைத்தான்.

புதுக் கம்பி போட்டும் ஒலி மந்தமாக இருக்கிறது

பெரும்பாலும் இது ஈ கம்பியில் வரும், காரணம் போட்ட விதம். ட்யூனிங் கம்பத்தில் செருகுவதற்காகக் கம்பியை அளந்து வெட்டுகிறோம் இல்லையா, வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் முதலில் செங்குத்தாக மடக்கிவிட்டு அப்புறம்தான் வெட்ட வேண்டும். நேரான கம்பியை அப்படியே வெட்டினால் மேலே சுற்றியிருக்கும் சுருள் உள்ளே இருக்கும் கம்பியிலிருந்து நழுவும். அந்தக் கம்பி அன்றே செத்துவிட்டது. இன்னொன்று முறுக்கு. கம்பத்தைச் சுற்றும்போது கம்பி தானும் சேர்ந்து திரும்பிக்கொண்டே வந்தால் உள்ளே முறுக்கு ஏறி, ஒலி மங்கி, சில சமயம் ஜிர்ரும் வரும். தளர்த்தி, பிரிட்ஜ் பக்கத்து உருண்டையை வெளியே எடுத்து, கம்பியைத் தன்போக்கில் சுழலவிட்டு மறுபடி போடுங்கள்.

மூன்றாவது, யாரும் சொல்லித்தராத ஒன்று. தடித்த கம்பி சாடிலைத் தாண்டியதும் ஒரு கோணத்தில் திரும்பாமல் வில்போல் வளைந்து வரும். சாடிலுக்கு முன்னால், கம்பியின் மேல் கட்டைவிரலை வைத்துக் கீழ்நோக்கி ஒரு அழுத்து அழுத்துங்கள். நட்டுக்கு இந்தப் பக்கமும் அதேபோல். ஒலி உடனே தெளிவதைக் காது கேட்கும். இன்டோனேஷனும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) இதோடு கொஞ்சம் மாறும் என்பதால் இதை முதலில் செய்துவிடுங்கள்.

மந்தம் என்பதே எப்போதும் குறையல்ல. ஜேம்ஸ் ஜேமர்சன் தன் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பிகளை மாற்றாமல் வைத்துக்கொண்டு, வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே பறித்து வாசித்தவர். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 1960-களின் அடித்தளமே அந்த ஒலிதான். பளபளவென்று கேட்க வேண்டும் என்று புதுக் கம்பி தேடும் முன், நீங்கள் வாசிக்கும் பாட்டுக்கு அந்தப் பளபளப்பு தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே போகப் போக சுருதி விலகுகிறது

12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு வாசிக்கும் சுரம்), அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் சாடிலைப் பின்னால் நகர்த்துங்கள், தாழ்ந்திருந்தால் முன்னால். நகர்த்தும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பழைய கம்பியில் இதைச் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், முள் எங்கும் நிற்காது. ரிலீஃபும் ஆக்ஷனும் முடிந்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை இது.

ஹம் வருகிறது

முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்புறம் ஆம்பில் எதையும் செருகாமல் கேளுங்கள். அப்போதும் ஹம் என்றால் பேஸுக்கு அதில் பங்கில்லை.

பேஸ்தான் என்றால் கையைக் கருவியாக்கிக்கொள்ளுங்கள். கம்பியைத் தொட்டதும் ஹம் குறைகிறதா? அப்படியானால் எர்த் ஒயர் வேலை செய்கிறது. உள்ளே குழியில் தாமிரத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்தால் இன்னும் அடங்கும். கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் ஒயர் விடுபட்டிருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பிரிட்ஜிலும் இன்னொன்றை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி ஓம் காட்ட வேண்டும். தொட்டால் ஹம் கூடுகிறது என்றால் யாரோ ஜாக்கில் இரண்டு ஒயரையும் மாற்றிச் சாலிடர் செய்திருக்கிறார்கள். கைமாறி வந்த பேஸ்களில் இது அபூர்வம் அல்ல.

ஜாஸ் பேஸ் வகையில் இன்னொரு சங்கதி உண்டு. இரண்டு பிக்கப்பின் வால்யூமும் முழுதாகத் திறந்திருக்கும்போது அமைதி, ஒன்றைச் சற்றுக் குறைத்ததும் ஹம். இது கோளாறு அல்ல. இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. சமமாக இருக்கும்போது ஒன்றின் ஹம்மை மற்றது ரத்து செய்கிறது, சமன் குலைந்தால் மிச்சம் வெளியே கேட்கிறது. பிரிசிஷனில் 1957-லிருந்து வரும் இரு துண்டு பிக்கப்பும் இதே தந்திரத்தைத் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. அதனால் ஒரு பிரிசிஷன் பலமாக ஹம் அடித்தால் ஒயரிங்கைச் சந்தேகிக்கலாம். ஜாஸ் ஒற்றை பிக்கப்பில் ஹம் அடித்தால் அது அதன் பிறவி.

கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்று ஷாக் அடித்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம். ஆம்பை அணைத்துவிட்டு அந்த இடத்தின் மின் இணைப்பை, முக்கியமாக எர்த்தை, தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிரைக் காப்பாற்றுவதே அந்தப் பின்தான்.

சத்தம் கம்மி, உடைகிறது, அல்லது வரவேயில்லை

ஆக்டிவ் பேஸா, அதாவது உள்ளேயே பேட்டரியில் இயங்கும் சுற்று உள்ளதா? 9 வோல்ட் பேட்டரி. சத்தம் குறைந்து, பலமாகப் பறிக்கும் இடத்தில் மட்டும் கரகரவென்று உடைந்தால் வேறு எதையும் திறக்கும் முன் அதை மாற்றுங்கள். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டேதான் இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.

பாஸிவ் (பேட்டரி இல்லாத) பேஸில் சத்தம் வந்து வந்து போனால் ஜாக்கைப் பாருங்கள். வெளியே இருக்கும் நட்டு தளர்ந்து ஜாக் முழுவதுமாகச் சுழலும், உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும். தளர்ந்ததை உடனே இறுக்கிவிட்டால் சாலிடரே தேவைப்படாது.

சத்தமே இல்லாத ஒற்றை பிக்கப் பிரிசிஷனைத் திறக்காமலே சோதிக்கலாம். கேபிளை பேஸில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 10 கிலோ-ஓம் பக்கம் காட்டினால் பிக்கப் நலமாக இருக்கிறது. 250 கிலோ-ஓம் பக்கம் காட்டினால் பிக்கப்பின் சுற்று அறுந்திருக்கிறது, நீங்கள் அளந்துகொண்டிருப்பது வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடையை மட்டும்தான். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். ஏதோ பிக்கப் போய்விட்டது என்று சொல்லி யாராவது தள்ளிவிட வந்தால் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுப் பேசுங்கள்.

வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் சரசரவென்று கேட்பது தூசி. எலெக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு தடவை அடித்து, முனையிலிருந்து முனைக்கு இருபது முப்பது தடவை சுற்றுங்கள்.

வீட்டில் நன்றாக இருக்கிறது, பேண்டில் காணாமல் போகிறது

நல்ல பேஸ்கள் கைமாறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது ஆம்பில் பேஸ் (கீழ் ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) குமிழ்களை ஏற்றி, மிட்டைக் (நடு ஒலி) குறைத்தால் காதுக்கு இனிமை. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் அந்த ஒலி கரைந்துவிடும். கீழ்ப் பகுதியை கிக் டிரம் எடுத்துக்கொள்ளும், மேல் பகுதியை சிம்பல் எடுத்துக்கொள்ளும். பேஸ் பேசும் இடம் நடுவில்தான்.

ஈ கம்பியின் அடிப்படைச் சுரம் 41 ஹெர்ட்ஸ். பல சின்ன ஸ்பீக்கர்கள் அதைச் சரியாகத் தருவதே இல்லை. காது அதன் மேல் இழைகளை (அதோடு கூடவே ஒலிக்கும் உயர் சுரங்களை) வைத்துத்தான் 'இது ஈ' என்று புரிந்துகொள்கிறது. எனவே ஒத்திகையில் ஆம்பின் பேஸ் குமிழைக் குறைத்து, 400-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க வாசியுங்கள். உங்கள் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். அப்போது விரலின் பலம் தானே குறையும், முதலில் சொன்ன ஜிர்ரும் அதோடு குறையும்.

கிட்டார் ஆம்பில் பேஸைப் போட்டுச் சத்தம் பத்தவில்லை என்று முழுதாகத் திறக்காதீர்கள், ஸ்பீக்கர் கிழியும்.

கை வலிக்கிறது, அல்லது மற்ற கம்பிகள் கூடவே முனகுகின்றன

வலிக்கு சின்ன ஸ்கேல் பேஸ் தேடும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஏ கம்பியின் 5-வது ஃப்ரெட்டில் விரலை அழுத்தாமல் சும்மா வையுங்கள். வலக்கையால் பறித்துக்கொண்டே இருங்கள், 'தப்' என்று கேட்கும். மெதுவாக, மிக மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கரகரப்பு வரும், அப்புறம் ஒரு நொடியில் சுரம் தெளியும். அங்கேயே நிறுத்துங்கள். தேவையான விசை அவ்வளவுதான். நாம் வழக்கமாகப் போடுவது அதைவிட எவ்வளவு அதிகம் என்று அப்போது தெரியும். விரல் ஃப்ரெட்டை ஒட்டி, அதன் பின்பக்கமாக இருந்தால் இன்னும் குறைந்த விசை போதும்.

கீழ் ஃப்ரெட்டுகளில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று விரிக்காதீர்கள். டபுள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டில் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த முறையில் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றுதான் அழுத்தும். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே இறங்கும். 34 அங்குல பேஸின் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பட்டையையும் ஏற்றிக் கட்டுங்கள், உட்கார்ந்தால் பேஸ் எங்கே இருக்குமோ நிற்கும்போதும் அங்கேயே. மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், வாசித்தே சரியாக்கிவிடலாம் என்று இருக்காதீர்கள்.

முனகலுக்கு வலது கட்டைவிரல்தான் மருந்து. மேல் கம்பிகளுக்குப் போகும்போது பிக்கப்பிலிருந்து அதைத் தூக்கி, ஈ, ஏ கம்பிகளின் மேல் படுக்கவைத்து உங்களோடு நகர்த்திக்கொண்டு போங்கள்.

நிஜமாகவே பிரிய வேண்டியது

நெக் முறுக்கிக்கொண்டது. பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நெடுகப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் இணையாக இல்லாமல் ஒன்று சாய்ந்து தெரிந்தால் அதை ராடு சரிசெய்யாது. ராடு முழுவதும் இறுகியும் நெக் இன்னும் வளைந்தே இருப்பது. நெக் சேரும் குழியிலோ ஹெட்ஸ்டாக் திரும்பும் இடத்திலோ, பெயின்டில் மட்டும் இல்லாமல் மரத்துக்குள்ளும் ஓடும் விரிசல். இந்த மூன்றும் உள்ள பேஸை வாங்குகிறவர் தெரிந்தே வாங்க வேண்டும்.

மற்றதெல்லாம் சரியாக்கிய பிறகும் கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். தூரத்துக்கு அனுப்புவதென்றால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னாலும் நெக்குக்கு அடியிலும் அசையாதபடி அட்டையோ துணியோ அடைத்து வையுங்கள். பெட்டி கீழே விழும்போது முதலில் முறிவது ஹெட்ஸ்டாக்தான். பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். ராடுக்கும் சாடிலுக்கும் பொருந்தும் ஆலன் கீகளை ஒரு சின்ன கவரில் போட்டு, அதோடு ஓர் அட்டையும் எழுதி வையுங்கள். நான் கடைசியாக அனுப்பியதில் இப்படி எழுதினேன்: கம்பியின் தடிமன் 45-லிருந்து 105 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்), போட்டு மூன்று மாதம். ரிலீஃப் 0.3. ஆக்ஷன் 2.4, 2.0. ராடு இன்னும் நன்றாகத் திரும்புகிறது. ஜி கம்பி, 6-வது ஃப்ரெட், கொஞ்சம் சீக்கிரம் அடங்கும். டி கம்பியின் 11-வது ஃப்ரெட்டில் வாசியுங்கள்.